மெயின் லைனும் ஜொய்ஸ்ட தாச்சியும்

...இல்ல தம்பி, ஏணிய இப்ப சாத்தாதீங்க. முதல்ல கதையக் கேளுங்க. கதை தெரியாமக் கம்பியப் பாத்து உங்களுக்கு என்ன விளங்கப் போகுது? மூணு நாள் தம்பி. சனிக்கிழமை பின்னேரத்தில இரிந்து மூணு நாளா உங்கட கொம்பனிக்கு கோல் எடுத்துக் களைச்சுப் போனன். ஒரு பொம்பிளப்புள்ள எடுக்குது. என்ட பேர் வேர்னன் எண்டு சொன்னா பெர்னாண்டோ எண்டு எழுதுது. நாவற்குடா எண்டு சொன்னா எந்த மாகாணம் எண்டு கேக்குது. மறுகா, கொஞ்சம் இரிங்க எண்டு பாட்டுப் போடுது. அந்தப் பாட்டும் சுதி இல்ல. நான் வயலின்காரன், சுதி பிசகினா எனக்குப் பல்லுக் கூசும்.

அதிலயும் ஒரு பகிடி என்னெண்டா, உங்கட கொம்பனிக்கு முறைப்பாடு சொல்ல நான் போனத் தூக்கினாப் போதும், அந்த நேரம் பாத்து இன்ரநெற்றும் விழுந்திரும். ஒவ்வொரு தரமும். வேணுமெண்டுதான் செய்றீங்களோ எண்டு ஜொய்ஸ் கேட்டா. ஜொய்ஸ் என்ட பொஞ்சாதி. கோயிலுக்குப் போயித்தா, இப்ப வந்திருவா.

உதயரூபன்தானே பேர்? கழுத்தில தொங்குற மட்டையில எழுதிக் கிடக்கு. இரிங்க உதயரூபன், அந்தக் கதிரையில இரிங்க. தச்சு வேலைதான் என்ட தொழில், நான் செஞ்ச கதிரை, ஆடாது.

எங்கட மகள் கிம்முக்குக் கலியாணம். போன சனிக்கிழமை, மெல்பனில. மாப்பிள்ளையும் நம்மட பறங்கி ஆள்தான், திருகோணமலைப் பக்கம். நல்ல பொடியன், சிரிச்சிக்கிட்டே இரிக்கான். இப்ப நினைச்சாலும் எனக்கு... பாருங்க, ஏசத்தான் உங்களக் கூப்பிட்டன், வாயெல்லாம் சிரிப்பா வருது. மூணு நாளா இப்பிடித்தான். நேத்து ஒரு யன்னல் நிலைக்கு அளவெடுக்கப் போய், அளவ எழுதாமக் கிம்முட பேர எழுதித்து வந்திரிக்கன்.

எங்களுக்குப் போகேலாது. ரெண்டு தரம் வீசாப் போட்டம், சரிவரல்ல. சரி, போட்டோவப் பாத்துச் சந்தோசப்படுவம் எண்டு மனசத் தேத்தித்து இரிந்தா, கிம் கோல் எடுத்து ஒரு கதை சொல்றா. எங்கட கலியாண வீட்டில காப்ரிஞ்ஞா ஆட்டம் இல்லாட்டி அது கலியாணமே இல்ல தம்பி. போர்த்துக்கீசக்காரன் காலத்தில இரிந்து எங்கட சனம் சோடி சோடியா நிண்டு ஆடுறது. அதுக்கு வயலின் வேணும், றபான் மேளம் வேணும். முப்பத்தஞ்சு வருசமா இந்தப் பக்கம் எந்தப் பறங்கி வீட்டுக் கலியாணமெண்டாலும் வயலின் நான், றபான் என்ட கூட்டாளி அருமைநாயகம். அவன் தமிழ் ஆள்தான், ஆனா எங்கட தாளம் எங்களவிட அவனுக்குத்தான் கைக்குள்ள.

கிம் சொல்றா, "டடி, வேற ஆள் வாசிச்சா நான் ஆடமாட்டன். நீங்க அங்க இரிந்து வாசிங்க, நாங்க இஞ்ச ஆடுறம்."

கடல் கடந்து வயலின் போகுமா? காத்தான்குடியில கொம்பியூட்டர் கடை வெச்சிருக்கிற இப்றாஹிமிட்ட ஓடினன். அவர் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டித்து, போகும் எண்டார். ஆனா ஒரேயொரு லைன நம்பிக் கலியாணம் நடத்தாதீங்க, மெயினுக்குப் போன் லைன் இரிக்கட்டும், அது விழுந்தாப் பிடிக்கிறதுக்கு சிம் போடுற ஒரு டொங்கிள் பெக்கப்பா இரிக்கட்டும் எண்டார். ரெண்டையும் ஒரே பெட்டியில பூட்டினா, மெயின் விழுந்த உடன பெட்டி தானாவே மற்றதுக்கு மாறுமாம். நான் சொன்னன், அல்லாட காவலும் அந்தோனியார்ட காவலும் மாதிரி எண்டு. மனிசன் சிரிச்ச சிரிப்பு.

பெட்டி வந்திச்சு. கண்ணு மாதிரி நாலு நீல வெளிச்சம். அதச் சும்மா மேசையில வெக்க எனக்கு மனம் வரல்ல. பலாப் பலகையில ஒரு கூடு செஞ்சன், கதவு, பிணைச்சல், முன்னுக்குப் பூ வேலை. அந்தா, அதுதான். திரும்பிப் பாருங்க. துறக்கத் தேவையில்ல, பாத்தாப் போதும்.

டொங்கிளுக்குத்தான் சிக்னல் இல்ல. வீட்டுக்குள்ள ஒரு கோடும் வராது. கூரையில வெச்சன், மாமரத்தில கட்டினன். கடைசியில ஆரோ சொல்லி, ஜொய்ஸ்ட அலுமினியத் தாச்சிக்குள்ள வெச்சி யன்னலுக்கு வெளியில தொங்கவிட்டன். நாலு கோடு! ரெண்டு கிழமை அந்த மனிசி மண்சட்டியிலதான் கருவாடு பொரிச்சா. மகள்ட கலியாணத்துக்குத்தானே எண்டு விட்டுட்டா.

அதில எனக்கொரு பைத்தியம் பிடிச்சிச்சு தம்பி. வீட்டுக்கு ஆர் வந்தாலும், தபால்காரன் வந்தாலும், "இஞ்ச பாருங்க" எண்டு மெயின் வயரப் புடுங்கிக் காட்டுவன். நீலக் கண்ணு அணையும், மஞ்சக் கண்ணு பத்தும், அங்க கொம்பியூட்டரில பைலாப் பாட்டு நிக்காமப் போகும். சனம் வாயப் பிளக்கும். ஒரு நாளைக்குப் பத்துத் தரம். சில நாள் திருப்பிப் பூட்ட மறந்து, விடிய விடிய... சரி, அத விடுங்க.

சனிக்கிழமை. எங்கட நேரம் பகல் ரெண்டு மணி, அங்க ராவைக்கு ஏழரை. அயல் சனம் இருவது பேர் இந்த ஹோலுக்குள்ள. நான் கோட்டுப் போட்டு நிக்கிறன், இந்த வெயிலுக்குள்ள. திரையில கிம். வெள்ளைச் சட்டை. ஜொய்ஸ்ட தம்பி பிறையன்தான் மெல்பனில இரிக்கிறான், அவன்தான் தகப்பன் இடத்தில நிண்டு கூட்டிக்கிட்டு வந்தான். கிம் கமராவுக்குக் கிட்ட வந்து கையக் காட்டினா. நான் வில்லத் தூக்கினன்.

ஒரு நிமிசம் போயிருக்கும் தம்பி. அழகாப் போகுது. அங்க சோடி சோடியாச் சுத்துறாங்க. அப்ப நிண்டுச்சு. கிம் ஒரு கையத் தூக்கினபடி, வாயத் துறந்தபடி, அப்பிடியே நிக்கிறா. நீலக் கண்ணு அணைஞ்சு போச்சு. சரி, இப்ப மஞ்சள் பத்தும் எண்டு பாத்தன். பத்திச்சு. பத்தி, திரையில என்ன வருது? உங்கட காசு முடிஞ்சிது, மறுகா போடுங்க எண்டு ஒரு எழுத்து. மகள்ட மூஞ்சிக்கு மேல.

சனம் எல்லாம் "ஐயோ" எண்டுது. ஜொய்ஸ் ஓடிப் போய்க் கொம்பியூட்டரத் தட்டுறா. நான் மட்டும் நிப்பாட்டல்ல. வாசிச்சன். கடைசி அடி வரைக்கும் வாசிச்சு முடிச்சன். இந்தாளுக்கு மண்டையில ஏதோ எண்டு நினைச்சிருப்பாங்க.

முடிஞ்சு ரெண்டு நிமிசத்தில மெயின் தானா வந்திச்சு. அங்க பாத்தா, அவங்களும் நிப்பாட்டல்ல தம்பி! பிறையன் கையத் தட்ட, சனம் எல்லாம் கையத் தட்ட, அந்தத் தட்டுக்கே ஆடிக்கிட்டு நிக்கிறாங்க. கிம் சப்பாத்தக் கழட்டி எறிஞ்சிட்டா. மாப்பிள்ளைட கழுத்துப்பட்டி முதுகில கிடக்கு. நான் திரும்ப முதல்ல இரிந்து எடுத்தன். அவங்களும் முதல்ல இரிந்து ஆடினாங்க. ரெண்டு தரம் ஆடின கலியாணம் எங்கட சாதியில இதுதான்.

எண்டாலும் உங்கட லைன் விழுந்தது விழுந்ததுதானே? என்ட ஒரே புள்ளைட... தம்பி, அந்தக் கூட்டுக் கதவத் துறக்காதீங்க. அதுக்குள்ள ஒண்டுமில்ல. வயர்... சும்மா...

ம். கண்டிட்டீங்க.

ஓம், அது டெலிபோன்தான். சிவப்புப் போன். நான்தான் பூட்டினன். கலியாணத்துக்கு ரெண்டு நாளைக்கு முந்தி, உள்ளறைப் போனில இரிந்து பலகைக்குப் பின்னால வயர் இழுத்து இஞ்ச கொண்டு வந்தன். ஒருத்தருக்கும் தெரியாது; தெரிஞ்சா ஜொய்ஸ் லைனில கை வெக்க விடமாட்டா. ஒவ்வொரு போனுக்கும் ஒரு வெள்ளைக் கட்டை, என்ன அது, பில்டர், பூட்ட வேணும், இல்லாட்டிப் போன் அடிச்சா இன்ரநெற் விழும் எண்டு லைன் பூட்ட வந்த ஆள் சொன்னார். சொன்னார்தான். நான் அதக் காதில எடுக்கல்ல. ஒரு வயர்தானே எண்டு நினைச்சன். இந்த மூணு நாளும் ஜொய்ஸ் அங்கால போன நேரம் பாத்து உங்கட கொம்பனிக்கு நான் ஏசினதும் இந்தப் போனிலதான். இப்பதான் விளங்குது. பெக்கப்ப முடிச்சதும் நான்தான், தபால்காரனுக்குப் பைலாக் காட்டி.

ஏன் பூட்டினன் எண்டா... தம்பி, சுனாமி நேரம் எங்கட வீடு கடற்கரையில, டச்பாரில. அண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, நானும் ஜொய்ஸும் கோயிலில. கிம்முக்குக் காய்ச்சல், வீட்டில விட்டுட்டுப் போனம். நத்தார்ப் பண்டிகைக்கு வாசிக்க வந்த அருமைநாயகம் விறாந்தையில படுத்திருந்தான். தண்ணி வந்த உடன புள்ளையத் தோளில தூக்கிக் கூரையில ஏத்தினவன் அவன்தான். ஏத்தித்து நிக்கக்குள்ள என்ட பலகை வந்து அவன்ட முழங்காலில அடிச்சிச்சு. நான் கதவு செய்ய வாங்கி வெச்ச பலகை.

மறுகா யுத்தம். அவன்ட ஊர் பனிச்சங்கேணியில இரிந்து எழும்பிப் போனவன், ஒண்டரை வருசம் எந்த முகாமில எண்டு தெரியாது. இப்ப ஊருக்கு வந்தித்தான், எண்டாலும் அந்தக் கால் புண்ணாகி நடக்கேலாது. கலியாணத்துக்கு வாறன் வாறன் எண்டு சொல்லிக் கடைசியில வரேலாமப் போச்சு. அங்க இன்ரநெற்றும் இல்ல, போன்தான் இரிக்கு. ரெண்டு மணிக்கு அடி, நான் போனத் தூக்கிப் பக்கத்தில வெக்கிறன், நீ கேளு எண்டு சொல்லி வெச்சன். அவனுக்கு மணி பிந்திச்சு. நான் வாசிக்கத் தொடங்கின பிறகுதான் அடிச்சான். வில்லுப் பிடிச்ச கையால கூட்டுக் கதவத் துறந்து போனத் தூக்கி வெச்சித்துத் தொடர்ந்தன். ஒரு அடி விட்டிருப்பன், பாட்டுச் சத்தத்தில மணி அடிச்சதையும் ஆரும் கவனிக்கல்ல. அந்த நேரந்தான் கிம் நிண்டு போனா. வாசிச்சு முடிச்சுப் போன வெச்ச பிறகுதான் லைன் வந்திச்சு.

அந்தா கேற் சத்தம். ஜொய்ஸ். கையில கடிதம், பாருங்க. உங்கட கொம்பனிக்கு எழுதி, கோயிலில பதினொரு பேரிட்டக் கையெழுத்து வாங்கித்து வாறா. தம்பி, நீங்க ஒண்டும் பேச வேணாம். நான் சொல்றன்.

ஜொய்ஸ், இஞ்ச வந்து இரி. கடிதத்தக் கிழிச்சிரு. கொம்பனியில பிழை இல்ல. என்னிலதான் பிழை. இந்தப் போன நான்தான் களவாப் பூட்டினன், அருமைநாயகம் கேக்கட்டும் எண்டு. அதாலதான் லைன் விழுந்திச்சு... ஏசு. நல்லா ஏசு, நான் கேக்கிறன்.

என்ன?

ஓம். அருமைநாயகம் கேட்டான். தொடக்கத்தில கொஞ்சந்தான் விட்டுட்டான், மற்றதெல்லாம் கேட்டான். சும்மா கேக்கல்ல ஜொய்ஸ். றபான மடியில வெச்சித்து அங்க இரிந்து அடிச்சான். போனுக்குள்ளால ஒரே இரைச்சல், அதுக்குள்ள நுளம்பு பாடுற மாதிரி அந்தச் சத்தம். அதான் நான் நிப்பாட்டல்ல. எப்பிடி நிப்பாட்டுற? அவன் அடிக்கிறானே.

அழாத. தம்பி பாக்கிறார். தம்பி, அந்த வெள்ளைக் கட்டை ஒண்டப் பூட்டி விடுங்க, போனக் கழட்ட வேணாம்.

அவன் றபான் அடிச்சது கிம்முக்கு இன்னும் தெரியாது. நீ சொல்லு ஜொய்ஸ். என்னால சொல்லி முடிக்கேலாது.