தவக்களை கத்தாத மழை

இவ்வளவு நேரமும் பெரிய பெரிய விஷயமாப் பேசிட்டேன். இப்போ ஒரு குட்டிக் கதை சொல்லட்டுமா? கடைசி வரிசைக்குக் கேக்குதா? சரி.

நாகர்கோவில் பக்கம் ஒரு அம்மா. பேரு ஞானசௌந்தரி. மின்வாரிய ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவங்க. வீட்டுக்காரர் எட்வின் தவறிட்டாரு. பிள்ளைங்க கிடையாது. தனி வீடு. பின்னால தென்னந்தோப்பு, தோப்பைத் தாண்டினா ஒரு குளம்.

அந்தம்மாவுக்கு ஒரே ஆசை... சுற்றுச்சூழலைப் பத்தி எழுதணும். எழுதினாங்க. எதைப் பத்தி? எங்கேயோ பனிப்பாறை உருகுறதைப் பத்தி! தப்பா? தப்பே இல்ல. "இயற்கை அன்னை கண்ணீர் வடிக்கிறாள்"னு ஆரம்பிப்பாங்க. "விழித்தெழு மனிதா"ன்னு முடிப்பாங்க.

மதுரையில ஒரு சின்னப் பத்திரிகை. அதோட ஆசிரியர் வைரமணி. மனசுல பட்டதைச் சொல்லிடுற ஆளு. போன் போட்டாரு.

"மேடம்... கட்டுரையில ஒரு குறையும் இல்ல."

"அப்போ போடுவீங்களா சார்?"

"உங்க பேரை எடுத்துட்டு என் பேரைப் போட்டாலும் எதுவும் மாறாது மேடம். இதுல நீங்க எங்க இருக்கீங்க?"

சுருக்குனு தைச்சிருச்சு. யார்கிட்டயாவது சொல்லி அழலாம்னா... வீட்டுல யாரு இருக்கா?

ஐப்பசி வந்துச்சு. ஒரு சாயங்காலம் நல்ல மழை. டீயைப் போட்டுட்டு அடுக்களையில உக்காந்தாங்க. மழை பெய்யுது... பெய்யுது... ஆனா என்னமோ குறையுது. என்னது? காதைக் கொடுத்துக் கேக்குறாங்க. தவக்களைச் சத்தம் இல்ல!

எட்வின் இறந்த வருஷம்... துக்கத்துக்கு வந்த சொந்தமெல்லாம் கிளம்பியாச்சு. வாயைத் திறந்து பேசி எத்தனையோ நாளாச்சு. மழை பெஞ்சதும் குளத்துல தவக்களைங்க ஆரம்பிச்சுது பாருங்க... காது கிழியுது! இவங்க பின்வாசல்ல நின்னு, "சும்மா கெடங்களேன்! மனுசி இங்க நொந்து போய்க் கெடக்கேன்... உங்களுக்குக் கச்சேரியா?"ன்னு ஒரு அதட்டல் போட்டாங்க. போட்ட பிறகு அவங்களுக்கே திகைப்பு. அட... நான் பேசுறேனே! அதுக்கப்புறம் மழை வந்தா அதுகளோட சண்டைதான். அந்தச் சண்டைதான் துணை.

இன்னிக்கு அந்தச் சத்தம் இல்லைன்னதும் குடையை எடுத்துட்டுத் தோப்பு வழியா ஓடினாங்க. போய்ப் பார்த்தா... குளத்தைக் காணோம். மண்ணடிச்சு மட்டமாக்கி, சுத்தித் தகரம் வச்சாச்சு. கல்யாண மண்டபம் வரப்போகுதாம். பக்கத்து வீட்டு ராஜம் வேலியோரம் நிக்கிறாங்க.

"ராஜம்... இது எப்பம் நடந்துச்சு?"

"கோடையிலேயே லாரி லாரியா மண்ணடிச்சாவளே அக்கா! உங்களுக்குக் கேக்கலியா?"

கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு. லாரிச் சத்தம் எழுத விடலைன்னு ஜன்னலைச் சாத்தினாங்க. சாத்திட்டு உள்ள உக்காந்து என்ன எழுதினாங்க? சொல்லுங்க... என்ன எழுதினாங்க? பனிப்பாறை!

"தவக்களைச் சத்தமே இல்லியே ராஜம்..."

"நல்லதுதானே அக்கா! பாம்பு வராதுல்லா!"

ராஜம் கெட்டவங்க இல்ல. சாதாரணமாத்தான் சொன்னாங்க. ஆனா எட்வினுக்கு அழ நாலு பேர் வந்தாங்க... தவக்களைக்கு அழ யாரு வருவா? மழையில அந்தம்மா ஒத்தையா நின்னாங்க.

வீட்டுக்கு வந்து ஈரச் சேலையைக்கூட மாத்தல. எழுத உக்காந்தாங்க. அன்னையும் இல்ல, கண்ணீரும் இல்ல. முதல் வரி என்ன தெரியுமா? "எனக்குப் பேச்சுத்துணை இருந்தது. அதைப் புதைக்கும்போது நான் ஜன்னலைச் சாத்தினேன்."

வைரமணி ஒரு எழுத்தைக்கூட மாத்தாம அப்படியே போட்டாரு.

குளம் திரும்பி வந்துச்சான்னு கேப்பீங்க. வரல. மனு கொடுத்தாங்க, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினாங்க. மண்டபம் எழும்பிருச்சு. ஆனா ஒரு நாள் ராமநாதபுரத்துல இருந்து ஒரு போன்.

"அக்கா... என் பேரு ஜீனத். உங்க கட்டுரையைப் படிச்சேன். எங்க தெருவுல ஒரு வேப்ப மரத்தை வெட்டிட்டாங்க. குருவி வர்றதில்ல. சொன்னா சிரிப்பாங்கன்னு இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல அக்கா..."

அந்தம்மா அந்தக் குருவியைப் பத்திக் கேட்டாங்க. ரொம்ப நேரம் போனை யாரும் வைக்கல.

எழுத வந்திருக்கிற தம்பிகளே, தங்கச்சிகளே... உலகத்துக்காக அழற மாதிரி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. சொன்னா சிரிப்பாங்களோன்னு நீங்க மட்டும் மனசுல பூட்டி வச்சிருக்கீங்களே ஒரு இழப்பு... அதை வேற யாரால எழுத முடியும்? அதை எழுதும்போது பக்கத்துல ஆள் இருக்காது. தனியாத்தான் இருக்கும். வலிக்கத்தான் செய்யும். ஆனா எங்கேயோ ஒரு ஊர்ல, யார்கிட்டயும் சொல்ல முடியாம, உங்களை மாதிரியே ஒருத்தர் உக்காந்திருக்காரு.

அடுத்த தடவை பேனாவை எடுக்கும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கோங்க... "இது போனதுல... எனக்கு என்ன போச்சு?"

பதிலைச் சொன்னா சிரிப்பாங்களோன்னு தோணுதா?

அங்க ஆரம்பிங்க.