மட்டம் தட்டத் தெரியாதவர்

— டையைப் போட்டு இழுக்காதீங்க, குனிஹிகோ சான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இந்த ஓட்டல் ரூமுக்கு வர்ற நேரமாச்சு. அந்த வார்த்தையை ஒருதரம் சொல்லிப் பாருங்க.

— எதை, ‘ஃபுட்சுட்சுகா’வையா? அட போம்மா சிஹோ! பக்குவமில்லாதவ, ஒண்ணுக்கும் லாயக்கில்லாதவன்னு உன்னையா? என் நாக்கு அழுகிடும்.

— சம்பந்தம் பேசுற இடத்துல பொண்ணைப் பெத்தவங்க சொல்ற மரியாதை வார்த்தைதானே?

— பெத்தவங்க! நீயே சொல்லிட்ட பாரு. உங்கம்மாவைக் கட்டிக்கிட்டு நான் அந்த வீட்டுக்கு வந்தப்ப நீ மூணாங்கிளாஸ். இன்னிவரைக்கும் உன்னை ஒரு சொல் சொல்லியிருப்பேனா?

— அதான் என் குறையே.

— அட, இதென்ன கூத்து! நான் வேலை பாக்குற டிராம் டெப்போவுல கேட்டுப் பாரு. சிஹோ சான் மாதிரி உண்டான்னு உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுவேன்.

— ஆடுவீங்க. பக்கத்து வீட்டு மினோரி பரிசு வாங்கிட்டு வந்தா அவங்கப்பா என்ன சொல்வாரு? ‘அது ஒரு மக்குங்க’ம்பாரு. அவ முகத்துல அப்படி ஒரு பெருமை! நம்ம ஊர்ல தன் பிள்ளையை மட்டம் தட்டுவாங்க, அடுத்தவங்க பிள்ளையைப் புகழுவாங்க. நீங்க மரியாதையா ‘சான்’ போட்டுப் புகழ்ந்தப்பல்லாம் நான் உங்க வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நின்னேன்.

— உங்கப்பா இருந்தா அவரு சொல்லியிருப்பாரு. அவரு இடத்துல உக்காந்துக்கிட்டு உன்னைக் குறை சொல்ல நான் யாருன்னு பயந்துட்டேம்மா.

— இப்ப அம்மாவும் இல்ல. இன்னிக்கும் நீங்க என்னைப் புகழ்ந்தீங்கன்னா நான் யார் வீட்டுப் பொண்ணுன்னு அவங்க நினைப்பாங்க?

— அழாத, மை கலையுது. மண்டி போட்டு உக்காந்து எனக்கும் கால் மரத்துப் போச்சு. அட, கதவைத் திறக்குறாங்க. நிமிந்து உக்காரு.

— ரொம்பக் காக்க வச்சுட்டோமா? மன்னிச்சுக்கங்க. நான் மாப்பிள்ளை கோட்டாவோட அம்மா. வீட்டுல எந்நேரமும் சிஹோ சான் பேச்சுத்தான். இப்படியொரு கெட்டிக்காரப் பொண்ணு கிடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்.

— இவளா கெட்டிக்காரி? அட, நீங்க வேற! ஃபுட்சுட்சுகா மகளுங்க. மீனைச் சுடச் சொன்னா கரியாக்கி வைப்பா. பத்துத் தரம் எழுப்பினாலும் எந்திரிக்க மாட்டா. பிடிவாதமோ, கேக்கவே வேணாம், அப்படியே என்னை உரிச்சு வச்சிருக்கா.