ஆயுத பூஜையில் அழிந்த மின்னஞ்சல்

கடலோரத்தில் கடை விரித்தாலும் கண்டம் தாண்டிச் சரக்கு அனுப்பும் நம் வணிகர் சங்கத்தின் தலைவர், என் நெஞ்சுக்கு நெருக்கமான நாகராசு அண்ணன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, மீமிசலிலிருந்தும் மணமேல்குடியிலிருந்தும் வேலையை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, நண்டு உரித்த கை காய்வதற்குள் ஓடிவந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்ட என் தாய்மார்களே, ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் அய்யப்பன் அவர்களே, உங்கள் எல்லோருக்கும் கட்டுமாவடி ஐஸ் கம்பெனி கவியரசனின் கனிந்த வணக்கம்.

தொழில் மின்னஞ்சல்களைச் சேமித்து வைப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதோ, தூணோரம் ஓர் அண்ணன் முணுமுணுக்கிறார். "ஐஸ் விக்கிற ஆளுக்கும் மெயிலுக்கும் என்னய்யா சம்பந்தம்?" சம்பந்தம் இருக்கிறது அண்ணே. மீன் கெடக்கூடாது என்று ஐஸ் வாங்குகிறோம், நண்டு நாறக்கூடாது என்று நாலு அடுக்குப் பெட்டி வாங்குகிறோம். நாம் கொடுத்த வாக்கும் நமக்கு வந்த வாக்கும் கெடாமல் இருக்க என்ன வாங்கினோம்? ஒன்றுமே வாங்கவில்லை.

நம் தலைவரின் நண்டுக் கம்பெனியில் நடந்ததையே சொல்கிறேன். "எம்பேரச் சொல்லியே பேசுப்பா, அப்பத்தான் நாலு பேருக்கு உறைக்கும்" என்று அவரே அனுமதி தந்திருக்கிறார். அந்தப் பெருந்தன்மைக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்.

போன ஆயுத பூஜை. நம் ஊரில் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? தராசைக் கழுவுவோம், தண்ணீர் லாரியைக் கழுவுவோம், தாளிடாத அலமாரியைக்கூடத் துடைத்துப் பொட்டு வைப்போம். அண்ணன் கம்பெனியில் கம்ப்யூட்டருக்கும் சந்தனம் வைத்தார்கள். வைக்கிற நேரம் பார்த்து, இடம் நிரம்பிவிட்டது என்று திரையில் ஓர் எச்சரிக்கை. நிரம்பாமல் என்ன செய்யும்? கம்பெனி மெயில் கிடக்கிற அதே இலவசக் கணக்கில்தானே பேரன் காதுகுத்து வீடியோ, பூப்போட்ட காலை வணக்கப் படம் எல்லாம் குடியிருக்கிறது. அண்ணன் பார்த்தார். "நல்ல நாளும் அதுவுமா குப்பை எதுக்குத்தா? பழைய மெயிலப் பூராத்தையும் அழிச்சிட்டுப் பொட்டு வையி" என்றார். அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிற சரண்யா, "நெசமாவாண்ணே?" என்று ஒரு முறை கேட்டுவிட்டு அழித்துவிட்டது. சிரிக்காதீர்கள். பூஜைக்கு மெயிலைக் கழுவியவர்கள் இந்த மண்டபத்தில் இன்னும் எத்தனை பேர் என்று நான் கேட்கப்போவதில்லை.

பொங்கல் கழிந்து, கடல் தாண்டி நண்டு வாங்குகிற கம்பெனியிலிருந்து, பூஜைக்கு முந்தி போன சரக்கைப் பற்றி ஒரு புகார் வந்தது. "நீங்கள் அனுப்பிய சரக்கு கெட்டுப்போனது. கன்டெய்னரில் குளிர் குறைவது தெரிந்தும் எங்களிடம் சொல்லாமல் ஏற்றிவிட்டீர்கள். இனி உங்களிடம் வாங்கமாட்டோம்." சொல்லாமலா ஏற்றினோம்? குளிர் குறைகிறது, ஏற்றலாமா என்று அண்ணன் கேட்டிருந்தார். ஏற்றுங்கள் என்று அவர்களே பதில் எழுதியிருந்தார்கள். கேள்வியும் மெயிலில், பதிலும் மெயிலில். இரண்டும் பூஜையோடு போய்விட்டன. குப்பைத் தொட்டியிலும் தேடினார்கள். அதுவும் ஒரு மாதத்தில் தானாகக் காலியாகிவிடுமாம்.

அந்த ஆர்டர் போனால் அண்ணன் மட்டுமா போவார்? இதோ முன்வரிசையில் இருக்கிற இந்தத் தாய்மார்களின் அடுப்பும் அல்லவா அணையும்? அந்தக் கலக்கத்தில் அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. "யாரக் கேட்டு அழிச்ச? இனிமே இங்கிட்டு வராத" என்று சொல்லிவிட்டார். சரண்யா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஊர் வாய் சும்மா இருக்குமா? போட்டிக் கம்பெனிக்காரனிடம் கைநீட்டிக் காசு வாங்கிவிட்டுத்தான் அழித்தது என்று டீக்கடையில் பேசினார்கள்.

வீட்டில் பொன்னுத்தாய் அண்ணி சோறு போட்டபடி ஒரே கேள்வி கேட்டார்கள். "பொட்டு வைக்கையில அழின்னு சொன்னது ஒங்க வாயிதானே? ஒரு வீட்டுப் புள்ள பேரக் கெடுத்துட்டு எப்படிங்க சோறு எறங்குது?" அண்ணன் பாதிச் சோற்றில் எழுந்தார். அடுத்த வேலையே சரண்யா வீடுதான். வாசலில் நின்று, தெருவே கேட்கும்படி சொன்னார்: "தப்பு எம்பேர்லதாம்மா. நாந்தான் சொன்னேன், நீ செஞ்ச. வந்துரு."

சரண்யா என்ன சொன்னது தெரியுமா? "வாரேண்ணே. ஆனா அடுத்த பூசைக்கும் நீங்க அழின்னு சொன்னா, நான் என்னங்க செய்யிறது?" அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த சரண்யாதான் நண்டு வாங்குகிற அந்தக் கம்பெனிக்கு எழுதியது. எங்கள் பிரதி அழிந்துவிட்டது, உங்கள் பக்கம் தயவுசெய்து தேடிப் பாருங்கள் என்று. எதிராளியிடமே சாட்சி கேட்கிற நிலை. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. அங்கே ஒரு பெண் அதிகாரி தேடியிருக்கிறார். தேதியோடு இருந்தனவாம் நம் கேள்வியும் அவர்கள் பதிலும். தவறு எங்களுடையது, புகாரைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதிவிட்டார். அந்த அம்மா நல்லா இருக்கட்டும். ஆனால் ஒன்று சொல்லுங்கள், நம் நியாயம் அவர்கள் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது, நம் வீட்டில் ஏன் இல்லை? அடுத்த முறை அந்தப் பெட்டியைத் திறக்கிறவர் இவரைப்போல நேர்மையானவராக இருப்பார் என்று யார் உத்தரவாதம் கொடுப்பது?

காலம் மாறிவிட்டது, கண்மணிகளே. அன்று இடம் போதாது என்று அழித்தோம். இன்று வரிக்காரர் கேட்கிறார், வங்கி கேட்கிறது, வாங்குகிறவர் கேட்கிறார். வேலை பார்க்கிற பெட்டி வேறு, மெயிலைச் சேமித்து வைக்கிற காப்பகம் வேறு. மெயில் வந்த நிமிடமே அதன் பிரதி காப்பகத்துக்குப் போய்விட வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசி முடித்த வியாபாரமும் அங்கே போக வேண்டும். ஆள் வேலையை விட்டுப் போனாலும் மெயில் போகக்கூடாது. ஒரு சொல்லைத் தட்டினால் வந்து நிற்க வேண்டும். அதற்காக எல்லாவற்றையும் எந்நாளும் வைத்திருக்கவும் கூடாது. வாடிக்கையாளரின் சொந்த விவரத்தைத் தேவை முடிந்ததும் நீக்கச் சட்டமே சொல்கிறது. எதை எத்தனை காலம் வைப்பது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அதுவரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்ட வேண்டும்.

"காசு கேப்பாய்ங்களே?" என்கிறீர்களா? நான் மட்டும் ஐஸை இனாமாகவா தருகிறேன்? சங்கத்தில் எல்லோரும் சேர்ந்தால் தாங்கும். அதனால்தான் இன்று நம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு காப்பகத்தைத் தொடங்குகிறோம்.

அதற்குப் பொறுப்பாளராகச் சரண்யாவை நியமித்திருக்கிறோம். எழுந்து வாம்மா, கூச்சப்படாதே. அன்றைக்கு நீ ஒரு கேள்வி கேட்டாய். சங்கத் தீர்மானத்தின் முதல் வரி உனக்கான பதில். காலம் முடியாத எந்த மெயிலையும் அழிக்கச் சொல்லி உறுப்பினர் சொன்னாலும், முதலாளி சொன்னாலும், மேடையில் இருக்கிற தலைவரே சொன்னாலும், "முடியாதுண்ணே" என்று சொல்லும் உரிமை உனக்கு உண்டு. சொன்னதற்காக உன் வேலையில் யாரும் கைவைக்க முடியாது. அந்தத் தீர்மானத்தை எழுதி முதல் கையெழுத்துப் போட்டவர் நாகராசு அண்ணன்.

வரும் ஆயுத பூஜைக்கும் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைப்போம், குங்குமம் வைப்போம். அழிக்கச் சொல்லி அண்ணன் வாயெடுத்தால் சரண்யா பார்த்துக்கொள்ளும். பொறுமையோடு கேட்ட பெரியவர்களுக்கும், உலையை மறந்து உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கும் நன்றி சொல்லி, மைக்கைச் சரண்யாவின் கையில் கொடுத்து அமர்கிறேன். வணக்கம்.