ரயில் இறங்கிப் போன கப்பல்

இல்லக்கா, நான் தொலைஞ்செல்லாம் போகல. தொலைஞ்சவ இப்படிக் கால் மேல கால் போட்டுக் காபியா குடிச்சிட்டிருப்பா? ரயில்தான் என்னை விட்டுட்டு இறங்கிப் போயிருச்சு. ஆமா, உங்க கப்பலோட வயித்துக்குள்ள வந்து நின்னுச்சே, அதே ரயில். தீவுக்குள்ள சிராகூசா வரைக்கும் போறது. அதுல மூணாவது பெட்டியில என் வீட்டுக்காரர், மாமியார், ஆறு பை, ஒரு தள்ளுவண்டி, என் பிள்ளை. அவங்கல்லாம் தீவுக் கரையில, மெசினாவுல கரையேறியாச்சு. நான் மட்டும் இங்க மேல்தளத்துல. கப்பல் வந்த வழியே திரும்பிப் போகுது, அதும் தெரியுது. அந்த வெள்ளைக் கலங்கரை விளக்கம் அப்ப வலப்பக்கம் இருந்துச்சு, இப்ப இடப்பக்கம் நிக்குதே.

பிள்ளைக்கு எத்தனை மாசமா? பதினாலு மாசம். ரொக்கோன்னு பேரு. மாமனார் பேருதான், வேற என்ன வைக்க விடுவாங்க? பொறந்த நாள்லேருந்து நான் அவனை விட்டு ஒரு மணி நேரம் தள்ளி இருந்ததில்லக்கா. குளிக்கப் போனாக்கூட கதவுக்கு வெளிய நின்னு தட்டிக்கிட்டே இருப்பான். எங்க மாமியார் ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காங்க, அசுந்தா, அதான் நான், கண்ணுக்கு மறைஞ்சா பிள்ளை மூச்சை நிறுத்திருவான்னு. அந்தப் பிள்ளைதான் இப்ப ரயில்ல.

ஒலிபெருக்கியில சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. காத்து என்ன அடி அடிக்குது பாருங்க, எங்க காதுல விழுது. அது கிடக்கட்டும், இன்னொரு காபி போடுங்க. சர்க்கரை ரெண்டு.

நாங்க மலையூர்க்காரங்கக்கா. பொட்டென்சாவுக்கும் மேல. டொனாட்டோ, அதான் என் வீட்டுக்காரர், பள்ளிக்கூட பஸ் ஓட்டுறார். இந்தப் பயணமே மாமியார் வேண்டுதல். பேரன் பொறந்தா ரோமுக்குத் தூக்கிட்டு வந்து பெரிய கோயில்ல காட்டுறேன்னு வேண்டிக்கிட்டாங்களாம். பெத்தவ நான், வேண்டினவங்க அவங்க. சரி, அப்படியே சிராகூசாவுல இருக்கிற அவங்க தங்கச்சிக்கும் பேரனைக் காட்டிட்டு வரலாம்னு கிளம்பிட்டோம். எனக்கு இதான் முதல் ரயில் பயணம். இருபத்திரெண்டு வயசுக்கு இப்பத்தான் நடந்துச்சு.

ஏறின முதல் நாளே ஒரு கூத்து. மாமியார் பெட்டியில துணி ரெண்டே ரெண்டு. மிச்சமெல்லாம் சாப்பாடு. ரொட்டி, காஞ்ச மிளகாய், தொத்திறைச்சி, ஒரு பெரிய ஜாடி நிறைய எண்ணெயில போட்ட கத்தரிக்காய். ரோமுல கத்தரிக்காயே கிடைக்காதுங்கிற மாதிரி. அதை மேல் தட்டுல வெச்சாங்க. கீழ ஒரு வக்கீல் மாதிரி ஆளு, நல்ல கோட்டு, நல்ல வழுக்கை. ஜாடி மூடி சரியா இறுகல போலருக்கு. வழுக்கையில ஒரு சொட்டு. அவர் தொட்டுப் பாத்தார். அண்ணாந்து பாத்தார். கூரை ஒழுகுதுன்னு நினைச்சுட்டு மறுபடி பேப்பர் படிச்சார். ரெண்டாவது சொட்டு மூக்குல. அதுல ஒரு பூண்டுத் துண்டும் சேர்ந்து விழுந்துச்சு. நான் எழுந்து மன்னிப்புக் கேக்கறதுக்குள்ள மாமியார் பிள்ளையோட துண்டை எடுத்து அவர் தலையைத் துடைச்சு விட்டு, பயப்படாதீங்க தம்பி, எங்க தோட்டத்து எண்ணெய், முடி வளரும்னு சொல்றாங்க. அந்த மனுஷன் இறங்கறப்ப கால் ஜாடி கத்தரிக்காயைக் காகிதத்துல கட்டிக்கிட்டு இறங்கினார்னா பாத்துக்கோங்க. எங்க மாமியார்கிட்ட யாரும் வெறுங்கையோட தப்பிக்க முடியாது.

ரோமா? பாத்தேனே. பெரிய கோயில் வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னேன். கூரை உச்சிக்குப் போக ஐநூறு படிக்கு மேல. வீட்டுல முழங்கால் வலின்னு கோழிக்குத் தீனி போட எந்திரிக்காத மாமியார், அன்னைக்கு ஆடு மாதிரி ஏறிட்டாங்க. மகன் பின்னாடியே. தள்ளுவண்டி படியில ஏறாது, பிள்ளை வேற தூங்கிட்டான், நீ கீழ இருந்து பாத்துக்கோ அசுந்தா, வந்து எல்லாம் சொல்றோம்னாங்க. சொல்லவும் செஞ்சாங்க. ராத்திரிச் சாப்பாடு முழுக்க சொன்னாங்க. நான் பாத்தது என்னன்னா, அந்தச் சதுக்கத்துல ஜனங்க போட்டிருந்த செருப்பு. ஜப்பான்காரங்க செருப்பு சுத்தமா இருக்கும்க்கா. ஜெர்மன்காரங்க செருப்புக்குள்ள காலுறை போடறாங்க. அப்புறம், பிள்ளைக்குத் துணி மாத்த ரோமுல எங்கெங்க மேசை இருக்குன்னு என்னைக் கேளுங்க, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.

இல்லக்கா, அவர் நல்ல மனுஷன்தான். பிள்ளைக்கு மூக்குச் சிந்தி விடுவார், தூக்கிட்டு நடப்பார். ஆனா யாராவது சொல்லணும். தானாத் தோணாது. ஊரைச் சுத்தி முந்நூறு போட்டோ எடுத்திருக்கோம், எல்லாத்துலயும் மாமியாரும் பிள்ளையும். சிலதுல டொனாட்டோவும் உண்டு. எடுத்தது யாரு? நான். ஒண்ணே ஒண்ணுல என் கட்டைவிரல் இருக்கு.

அங்கேருந்து நேப்பிள்ஸ் போகணும். ஸ்டேஷன்ல பெரிய பலகையில எழுதிப் போட்டிருக்கு, எந்த நடைமேடைன்னு. மாமியார் பலகையை நம்ப மாட்டாங்க. மனுஷங்களைத்தான் நம்புவாங்க. அதுலயும் ஒரு பாதிரியார் பையோட நிக்கிறார். கேட்டாங்க. வாங்கம்மா, நானும் நேப்பிள்ஸ்தான் போறேன்னு அவரே எங்க பையைத் தூக்கிட்டு முன்னாடி நடந்தார். ஏறி உக்காந்தோம். முக்கால் மணி நேரம் கழிச்சு, எனக்குச் சந்தேகமா இருக்கு, சூரியன் தப்பான ஜன்னல்ல இருக்கேன்னு நான் சொன்னேன். சும்மா இரு, பாதிரியாருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிருச்சோன்னாங்க. டிக்கெட் பரிசோதகர் வந்து, ஐயா இது வடக்க போகுதுன்னதும் பாதிரியார் முகத்தைப் பாக்கணுமே! அப்பவும் மாமியார் விட்டுக்கொடுக்கலியே. பாதிரியார் சரியாத்தான் ஏறினார், ரயில்தான் தப்பாப் போகுதுன்னுட்டாங்க.

ஏதோ ஒரு துறைமுகத்து ஊரு. மூணு மணி நேரம் அடுத்த ரயில் இல்லை. பாதிரியார் வெக்கப்பட்டுக்கிட்டு எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். ஸ்டேஷனுக்குப் பின்னாடியே கடலாம்க்கா. சத்தம் கேக்குது. உப்பு வாசனை வருது. அவங்க மூணு பேரும் போய்க் காலை நனைச்சுட்டு வந்தாங்க. என் கையில பிள்ளை தூங்கறான், அசைஞ்சா முழிச்சிருவான். கை மரத்துப் போய்க் கட்டை மாதிரி ஆயிருச்சு. ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் ஓடுது, நக்கக்கூட முடியலை. சிரிக்காதீங்க!

அப்பத்தான் சொல்லிட்டேன். டொனாட்டோ, எனக்கு எதுவும் வேண்டாம், ஆனா ரயில் கப்பல்ல ஏறுற இடம் வருமே, அதை மட்டும் நான் பாக்கணும்னு. சின்ன வயசுல எங்க டீச்சர் பலகையில வரைஞ்சு காட்டினாங்க. கப்பல் வாயைத் திறக்கும், ரயிலைத் துண்டு துண்டா வெட்டி உள்ள தள்ளுவாங்கன்னு. டீச்சர் நல்லாக் கதை விடறாங்கன்னு நினைச்சேன். நேத்துலேருந்து எனக்கு அதே நினைப்பு.

உங்களுக்கு இதுல என்ன அதிசயம், தினம் பாக்கறீங்க. எனக்கு இன்னைக்கு மத்தியானம் உடம்பெல்லாம் சிலிர்த்துருச்சுக்கா. ரயில் முன்னாடி போகுது, பின்னாடி வருது, இடிக்குது, திடீர்னு இருட்டு. ஜன்னலுக்கு வெளிய இரும்புச் சுவரு. சாமி கும்பிடுங்கடா, கடலுக்கடியில போறோம்னு மாமியார் ஜெபமாலையை எடுத்துட்டாங்க. பிள்ளை அசந்து தூங்கறான். நான் போய்ப் பாத்துட்டு வந்துரட்டுமான்னேன். டொனாட்டோ, போ போன்னார். மாமியார், அஞ்சு நிமிஷம்னாங்க.

படியேறி வந்தா, அம்மாடி! ரெண்டு பக்கமும் நாடு, நடுவுல இந்தத் தண்ணி. தலைமுடி ஒரு பக்கம், பாவாடை ஒரு பக்கம். உங்ககிட்ட வந்து காபி கேட்டேன். நீங்க அப்பவும் இப்படித்தான் முறைச்சுக்கிட்டே குடுத்தீங்க. பதினாலு மாசத்துல நான் சூடாக் குடிச்ச முதல் காபிக்கா அது. நாக்கைச் சுட்டுருச்சு. சுடும்கிறதே மறந்து போச்சு.

இருங்க, போன் அடிக்குது. அவர்தான்.

சொல்லு டொனாட்டோ. ஆமா, கப்பல்லதான். காத்துல ஒலிபெருக்கி காதுல விழலை. அழறானா? எவ்வளவு நேரமா? தொண்டை கட்டிரும், தண்ணி குடு. சிவப்புப் பையில, இல்ல, வெளிப்பக்க அறையில. வாழைப்பழமும் அதுலதான் இருக்கு. பாட்டை நீதான் பாடணும், உங்கம்மா பாடினா இன்னும் அழுவான். என்னது, இறங்கறியா? இறங்காத! ஆறு பையும் தள்ளுவண்டியும் உங்கம்மாவும், எப்படி இறங்குவ? ரயில் கிளம்பட்டும். நான் அடுத்த ரயில்ல வந்துடறேன். என் டிக்கெட் என்கிட்டயே இருக்கு. டொனாட்டோ, கேளு. முதுகுல தட்டக் கூடாது, தடவி விடணும். கழுத்துக்குக் கீழ. ம். வைக்கிறேன்.

அழறானாம். மெசினா ஸ்டேஷன்ல ரயிலு நிக்குது, பெட்டியெல்லாம் மறுபடி கோத்துக்கிட்டிருக்காங்களாம். இவன் கத்துறது நடைமேடை வரைக்கும் கேக்குதாம். மாமியார் சொன்னது நிஜம்தான் போலருக்கு.

இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன். கொஞ்சம் குளிருது. அந்தச் சோத்து உருண்டை ஒண்ணு குடுங்க, சூடா இருக்கிறதைப் பாத்து. உள்ள கறி வெச்சதா? சரி. உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா? நாலா! நாலையும் வெச்சுக்கிட்டுக் கப்பல் வேலைக்கும் வர்றீங்களே. என்னது? வீட்டுல இருக்கறதுக்கு இதுதான் ஓய்வா? கேக்கறதுக்கே நல்லாருக்கு.

மறுபடியும் போன். கும்பிடறேன் தாயே, நல்ல சேதியா இருக்கணும்.

என்ன ஆச்சு? கிளம்பியாச்சா? ஏன் சத்தமே காணோம்? தூங்கறானா? தூங்கலையா, அப்ப என்ன பண்றான்? விசிலா! யாரு விசிலு? பரிசோதகர் விசிலையா வாயில வெச்சிருக்கான்? கழுவினீங்களா? முழுப் பழமும் தின்னானா? யாரு ஊட்டினது? நீயா! சரி. கடலைப் பாத்தானா? சரி சரி. உங்கம்மா என்ன சொல்றாங்க? அதை அப்புறம் சொல்லு. வை, சிக்னல் போகுது.

கேட்டீங்களாக்கா? விசில் ஊதறானாம். பெட்டியில எல்லாரும் கை தட்டுறாங்களாம். என்னை ஒரு தடவைகூடத் தேடலையாம். கேக்கறப்ப ஒரு பக்கம் அப்பாடான்னு இருக்கு. இன்னொரு பக்கம், அடப்பாவிப் பயலே, பதினாலு மாசம், ஒரு வாழைப்பழத்துக்கா என்னை வித்துட்டன்னு இருக்கு. மூச்சை நிறுத்திருவானாம்! மாமியாருக்கு இனிமே ஊர்ல சொல்ல வேற ஏதாவது கண்டுபிடிக்கணும்.

என்ன, சும்மாவே என்னைப் பாக்கறீங்க? கேளுங்க. கேள்வியை எதுக்கு முழுங்கறீங்க?

ஆமா. இறங்கியிருக்கலாம். மெசினாவுல கப்பல் நின்னதும் படியில இறங்கி நடந்தா ஸ்டேஷன் அஞ்சு நிமிஷம். தெரியும்க்கா. ரயில் அங்க ரொம்ப நேரம் நிக்கும்னும் தெரியும். பரிசோதகர் எங்க பெட்டிக்கு வந்து மாமியாருக்கு நாலு தடவை விளக்கினார், அஞ்சாவது தடவை நான்தான் விளக்கினேன்.

காத்துல கேக்கலைன்னது பொய். ஒலிபெருக்கி என் தலைக்கு மேலயே இருக்கு, பாருங்க. மூணு தடவை சொன்னாங்க. முதல் தடவை கோப்பையில பாதி காபி இருந்துச்சு, குடிச்சுட்டுப் போவோம்னு நினைச்சேன். ரெண்டாவது தடவை எந்திரிச்சுப் படிக்கட்டு வரைக்கும் போனேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எல்லாரும் இறங்கிப் போறாங்க. கீழ ஏதோ ஒரு பிள்ளை அழுதுச்சு, என் பிள்ளை இல்லை, அவன் குரல் எனக்குத் தெரியாதா? அப்படியே நிக்கறேன்க்கா. யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடலை. ஒருத்தரும். நான் நிக்கறதே யாருக்கும் தெரியலை. திரும்பி வந்து அந்த நாற்காலியில உக்காந்துட்டேன். மூணாவது தடவை சொன்னப்ப நாற்காலியை இறுகப் பிடிச்சுக்கிட்டேன். கொஞ்ச நேரத்துல காலுக்கடியில தடதடன்னு ரயில் போச்சு. பிடிச்ச பிடியை விடலை. சிரிப்பும் வந்துச்சு.

டொனாட்டோகிட்ட சொல்லுவேன். இன்னைக்கு இல்லை. பல்லு போன வயசுல சொல்லுவேன். திரும்பிப் போகாம நான் வேற எங்க போகப் போறேன், சொல்லுங்க.

அந்தக் கரையில கப்பல் எவ்வளவு நேரம் நிக்கும்? அவ்வளவுதானா? அப்புறம் திரும்பி வர அரை மணியா?

ஏன்க்கா, கப்பல் ஓட்டுறவர் உங்களுக்குப் பழக்கம்தானே? கொஞ்சம் மெதுவா ஓட்டச் சொல்லுங்களேன்.