அரைச் சீட்டு

எண்பதுகளின் தொடக்கம். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போடிக்குத் திரும்பும் இருவர், பஸ்சில் எனக்கு முன்னால் மூன்று பேர் உட்காரும் சீட்டில் இருந்தார்கள்; ஜன்னலோரம் வேறொருவர். பெரியவர் மடியில் எக்ஸ்ரே கவர்.

“முதுகெலும்பு நல்லாத்தான் இருக்காம் மாப்ளே. எனக்கு உக்காரத்தான் தெரியலையாம்.”

“பதினஞ்சு வருசமா போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுற ஒங்களுக்கா மாமா?”

“எப்பிடி உக்காந்து ஓட்டுவேன்னு டாக்டர் கேட்டாரு. ஏலத்தோட்டத்து ஆளுக நாலு பேரு முன்சீட்டுல. எனக்கு ஒரு தொடைதான் சீட்டுல, மறு தொடை வெளிய தொங்கும். ஸ்டூல்ல அப்பிடியே உக்காந்து காட்டுனேன். மனுசன் சிரிச்சுப்புட்டாரு.”

“ஆப்ரேசன்?”

“வேண்டாமாம். ஒரு மாசம் வண்டியத் தொடக்கூடாதாம். அப்பறம் முழுச் சீட்டுல நிமுந்து உக்காந்து ஓட்டணுமாம்.”

“அப்பாடா! அக்கா மூணு நாளா சரியாச் சோறு திங்கல. வெரசா போய்ச் சொல்லணும்.”

உசிலம்பட்டியில் பாதி பஸ் காலியானது. அவர்கள் சீட்டில் ஜன்னலோர ஆளும் இறங்கிவிட, இளையவர் அங்கே நகர்ந்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் இளையவர் குரல்:

“மாமா, நடுவுல ஒரு ஆளு எடம் சும்மா கெடக்கு. இன்னும் ஏன் ஓரத்துல தொங்குறீக?”

“இருக்கட்டும் மாப்ளே. ஆண்டிபட்டியில யாராச்சும் ஏறுவாக.”