பட்டாளத்துக் கிணறு

சௌந்திரம்: பாத்து ஏறுங்க சார், படியில பாசி. நீங்க உள்ள உழுந்தா சேலத்து ஆபீசுக்கு நாங்கதான் பதில் சொல்லோணும்.

தீர்த்தகிரி: பாட்டில்ல மொண்டாச்சும்மா. கையைக் குடுங்கண்ணே... ஒரு வாய் குடிச்சும் பாத்தேன். என்ன இப்படிக் கரிக்குது?

சின்னண்ணன்: பட்டாளத்துக்காரன் வெட்டுன கெணறுங்க. அன்னிக்கே உப்புத்தான்.

தீர்த்தகிரி: பட்டாளம் இதைக் குடிச்சுட்டா சண்டைக்குப் போச்சு?

சின்னண்ணன்: அதனாலதானுங்க சீக்கிரம் காலி பண்ணிட்டுப் போயிட்டானுங்க.

தீர்த்தகிரி: ஓரத்துல வாழை தளதளன்னு நிக்குதே.

சௌந்திரம்: அது... மழையில வந்ததுங்க.

தீர்த்தகிரி: மழையா? இந்த வருசமா?

சௌந்திரம்: ...மோர் குடிக்கறீங்களா சார்?

தீர்த்தகிரி: மோருல எந்தத் தண்ணி?

சின்னண்ணன்: நீ கொஞ்சம் சும்மா இரு புள்ள.

தீர்த்தகிரி: சரி, விடுங்க. இந்த முள்வேலியைச் சுத்தி இருக்கறவங்க என்ன வேலை செய்யறாங்க?

சின்னண்ணன்: ஆம்பளைங்க பாதிப் பேரு போர் போடற ரிக் வண்டியோட வடக்க போயிட்டாங்க. பொம்பளைங்க கூலிக்குப் போறாங்க. எல்லாருக்கும் இந்த வேலிக்குள்ளதானுங்க வெள்ளாமைக் காடு இருந்துது. வெள்ளைக்காரன் சண்டைக்குன்னு எடுத்துக்கிட்டப்ப, முடிஞ்சதும் திருப்பித் தர்றோம்னு எங்கப்பன்கிட்டச் சொன்னாங்க. சண்டை முடிஞ்சு முப்பது வருசத்துக்கு மேல ஆச்சு. பட்டாளமும் போயிருச்சு... எங்கப்பனும் போயிட்டாரு.

தீர்த்தகிரி: இப்ப உள்ள எதுக்காவது வருவீங்களா?

சௌந்திரம்: ஏரோப்ளேன் ஓடுன காரைத் தளம் இருக்குதுங்களே, அங்க கடலக்கா காயப்போடுவோம். அதைப் போய் எழுதிப் போடாதீங்க சார்.

தீர்த்தகிரி: எழுதலைம்மா. மண்ணு எப்படி?

சின்னண்ணன்: பெட்ரோல் டிப்போ இருந்த எடத்துல புல்லு கூட மொளைக்காதுங்க. மத்ததெல்லாம் செம்மண்ணு. ஒரு மழை பேஞ்சு கையில அள்ளிப் பாத்தீங்கன்னா...

சௌந்திரம்: மாமா!

சின்னண்ணன்: ...சுமார்தானுங்க.

தீர்த்தகிரி: ம்... அந்த எருமை ஏன் கிணத்துக் கல்லையே நக்கிட்டு நிக்குது? கல்லு மேல வெள்ளையா வேற என்னவோ...

சௌந்திரம்: உப்புங்க. வேண்டுதல். ஆத்தாளை நெனச்சுத் தண்ணியில உப்புப் போட்டா, தொல்லை கரைஞ்சு போயிரும்.

தீர்த்தகிரி: உங்களுக்கு என்னம்மா தொல்லை?

சௌந்திரம்: இங்க மில்லு வருதாமா. தண்ணி நல்லாருந்தா மொத்தத்தையும் மில்லுக்காரனுக்கு எழுதிக் குடுத்துருவீங்களாமா.

தீர்த்தகிரி: யாரு சொன்னது?

சௌந்திரம்: ஊரே சொல்லுதுங்க.

தீர்த்தகிரி: ...மில்லுக்கு இந்தக் கிணறு எதுக்கும்மா? அதுக்குக் காவேரியிலிருந்து குழாய் போட்டுருவாங்க.

சின்னண்ணன்: பொறகு நீங்க எதுக்குங்க பாட்டில்ல...

தீர்த்தகிரி: வெள்ளாமைக்கு. இந்தத் தண்ணி பயிருக்கு ஆகும்னா, நிலத்தைப் பழைய சொந்தக்காரங்களுக்கே குடுத்துரலாம்னு மேல ஒரு யோசனை இருக்கு. ஆகாதுன்னாத்தான் மில்லு.

சின்னண்ணன்: அதை... வந்தப்பவே சொல்லக்கூடாதுங்களா?

தீர்த்தகிரி: சொல்லியிருந்தா உப்புக் கிணத்தைக்கூட இளநின்னு சொல்லியிருப்பீங்க. அதனாலதான் நான் எந்த ஊருலயும் வாயைத் திறக்கறதில்லை. சரி, நான் வரேன். மனசுக்கு ஒரு மாதிரித்தான் இருக்கு. ஆனா இவ்வளவு உப்பை வச்சுக்கிட்டு நான் என்ன எழுதறது? பாட்டில் இன்னிக்கே பரிசோதனைக்குப் போகணும்.

சௌந்திரம்: மாமா... சொல்லுங்க மாமா. ஜீப்புல ஏறிட்டாருங்க!

சின்னண்ணன்: சார்... சார், நில்லுங்க. அந்தப் பாட்டிலைக் கீழ ஊத்திருங்க. வேண்டுதலுக்கு ஒரு கைப்பிடி உப்புத்தானுங்க போடறது... ஊரே சேந்து, நாங்க ஒரு வண்டி கொட்டியிருக்கறமுங்க.