ஆயாக்கொட்டகைப் பிள்ளைகள்

— ஏங்க, போனை மூஞ்சிக்கு நேரா பிடிங்கலா! உங்க மூக்கு ஓட்டை மட்டுந்தான் தெரியுது.

— முட்டி ஆபரேஷன் ஆனவன்கிட்ட வேலை வாங்குறியே பெட்ரீசியா. இரு, தலகாணிய நிமித்திக்கிறேன். ஹாங், இப்போ? நீ எங்க நிக்கிற, காட்டுலயா?

— காடு இல்ல, செம்பனைத் தோட்டம். சுங்காய் டவுன்லேர்ந்து உள்ள வந்துட்டோம். கண்டுபிடிச்சிட்டேங்க! நான் பொறந்த எஸ்டேட்டைக் கண்டுபிடிச்சிட்டேன்! பேருக்குக்கூட ஒரு ரப்பர் மரம் இல்ல, ஆனா கூலிங்க குடியிருந்த லயம் ஒரு வரிசை அப்படியே இருக்கு!

— அலாமாக்! நெசமாவா? நம்ம மவ ட்ரேசி எங்க? அவளை நல்லா போட்டோ எடுக்கச் சொல்லு. நம்ம நாப்பதாவது கல்யாண நாள் விருந்துல போடுற படத்துக்கு உன் பக்கந்தான் வெத்தா கெடக்கு.

— காரு சேத்துல மாட்டிக்கிச்சு, அதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறா. அதை விடுங்க. இங்க மங்களம் அக்கான்னு ஒருத்தங்க இருக்காங்க. சின்னப் பொண்ணா இருந்தப்போ ஆயாக்கொட்டகையில தொட்டில் ஆட்டுனவங்களாம். என்னையும் ஆட்டியிருக்காங்க!

— உன்னையா? அவங்களுக்கு எப்படித் தெரியும்?

— அப்பா பேரைச் சொன்னேன். ‘அப்பாவு மவளா, அந்தத் தாயில்லாக் குட்டியா’ன்னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க!

— சபாஷ்! டவுன் பையன் பொண்டாட்டிக்கு ஒருவழியா ஊரு கெடச்சிருச்சு.

— உங்க டவுன் பெருமைய அப்புறம் வெச்சுக்கங்க. எனக்கு ஊரு வேணாங்க, ஒண்ணே ஒண்ணு தெரியணும். அம்மா என்னைப் பெத்ததோட போய்ட்டாங்க. அப்பா விடியறதுக்கு முன்னாடி ரப்பர் பால் வெட்டப் போய்டுவாரு. அப்போ என்னை யாரு தூக்குனா? யாரு பால் குடுத்தா? என்னை வளர்த்த ஈப்போ கான்வென்ட்டுல கேட்டா, ‘ஆண்டவர் பார்த்துக்கிட்டார்’ம்பாங்க. ஆண்டவரா வந்து பால் குடுத்தாரு?

— ஏய், மெதுவா பேசு, பாவம் வந்துரும். அந்த அக்காவையே கேளேன்.

— யாரு தாயி போன்ல? வீட்டுக்காரரா?

— ஆமாக்கா. சொல்லுங்க, அவரும் கேக்கட்டும். இதுல பார்த்துப் பேசலாம்.

— கண்ணாடி உள்ள கெடக்கு, எனக்கு ஒண்ணும் தெரியாது. சத்தம் கேட்டாப் போதும். கேளுங்க தம்பி. அந்தக் காலத்துல புள்ளைங்களைக் கொட்டகையில போட்டுட்டு எல்லாரும் வெட்டுக்குப் போய்டுவாளுங்க. எங்க பார்த்தாலும் சேலைத் தொட்டிதான். கைப்புள்ளக்காரிங்க மட்டும் நடுவுல ஓடியாந்து, வேலை வாங்குற கிராணி கண்ணுல படாம பால் குடுத்துட்டு ஓடுவாளுங்க. இவளுக்கு ஓடியார ஆளில்ல. ஆயா கஞ்சித்தண்ணிய துணியில நனைச்சு வாயில வைக்கும். துப்பிருவா.

— அப்பவே திமிரு!

— சும்மா இருங்க! நீங்க சொல்லுங்கக்கா.

— அடுத்த லயத்துல ஒருத்தி இருந்தா. அவளுக்கும் ஒரு பய, கிட்டத்தட்ட இவ வயசுதான். ஒரு நாளு இவ அழுகைய அவளால பொறுக்க முடியல. தூக்கி மடியில போட்டுக்கிட்டா. அன்னிலேர்ந்து தினமும் ஓடியாருவா. முதல்ல இவளுக்கு. தன் புள்ளைக்கு அப்புறந்தான்.

— கேட்டீங்களா! கேட்டீங்களாங்க! எனக்கும் ஒருத்தங்க இருந்திருக்காங்க! நான் அநாதையா கெடக்கல!

— கேட்டேன், கேட்டேன். கண்ணைத் தொடை. ஏங்கக்கா, அந்தப் பய சும்மாவா இருந்தான்?

— சும்மாவா! அவன் போடுற கூப்பாடு வெட்டுக்காட்டுக்கே கேக்கும். ‘பெத்த புள்ள கத்துது, அடுத்தவ புள்ளைக்குக் குடுக்குறியே’ன்னு பொம்பளைங்க ஏசுவாளுங்க. அவ அசைய மாட்டா. ‘இவன் அழுதா நான் இருக்கேன், இவ அழுதா யாரு இருக்கா’ம்பா.

— பாவம்லா அந்தப் பய! மிச்சம் மீதியக் குடிச்சே வளர்ந்திருப்பான்.

— நீங்க எப்பவும் ஆம்பளைங்க கட்சிதான்! அக்கா, அவங்க இப்போ எங்க இருக்காங்க? நான் போயி கால்ல விழணும்.

— தெரியலியே தாயி. அவ புருஷனுக்கு ஈப்போ பக்கம் ஈயம் தோண்டுற லம்பத்துல வேலை கெடச்சு போய்ட்டாங்க. போறப்போ உங்கப்பன்கிட்ட வந்து முந்தானைய விரிச்சா. ‘அப்பாவுண்ணே, இவளை எனக்குக் குடுத்துரு, ரெட்டைப் புள்ளையா வளர்த்துக்கிறேன்’னா. அந்த மனுசன், ‘எனக்கு மிச்சம் இது ஒண்ணுதான்’னுட்டான். லாரி கெளம்புற வரைக்கும் அவ உன்னைக் கீழ விடல.

— ஈப்போவா! ஏங்க, நம்ம ஊருலதான்! பேரைச் சொல்லுங்கக்கா, கோயில்ல விசாரிச்சாக் கூட...

— வேதக்காரிதான். சந்தனமேரி.

— ஏங்க? ஏன் படக்குன்னு எந்திரிக்கிறீங்க? முட்டி பத்திரம்!

— முட்டி கெடக்கட்டும். அந்தப் பேரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லு.

— சந்தனமேரி தம்பி. ஏன், தெரியுமா?

— எங்கம்மா பேரு. ஆனா நாங்க ஈப்போக்காரங்கக்கா. எங்க வீட்டுல எஸ்டேட் பேச்சே கெடையாது. ஒரே பேருல ஊருக்குப் பத்துப் பேரு இருக்க மாட்டாங்களா?

— அக்கா, கண்ணாடி எங்க? இந்தாங்க, போட்டுக்கிட்டு இவரைப் பாருங்க.

— கிட்டக் கொண்டா... அடி ஆத்தே! சந்தனமேரியோட அதே நெத்தி! சிரி தம்பி, கொஞ்சம் சிரி... பல்லு நடுவுல அதே சந்து! டேய், நீ சூசைதானே?

— அம்மா மட்டுந்தான் அப்படிக் கூப்பிடும். ஊருக்கெல்லாம் நான் மரியஜோசப்.

— கூப்பாடு போட்ட பய நீதான்டா!

— அலாமாக்! பெட்ரீசியா, என் பாலைக் குடிச்சவ நீயா? எனக்கு இன்னிக்கே நஷ்டஈடு வேணும்!

— சிரிக்காதீங்க. அத்தையா? அத்தை மடியிலயா கெடந்தேன்? அவங்க சாகுற வரைக்கும் ஒரே வீட்டுல இருந்தோமே! சுங்காய்னு நான் வாயைத் தொறந்தாலே எந்திரிச்சுப் போய்டுவாங்க. என் கதை சலிச்சுப் போச்சாக்கும்னு இருந்தேன்.

— பொண்ணு பார்க்க வந்தப்போ உங்கப்பா பேரை மட்டுந்தான் கேட்டுச்சு. கேட்டுட்டு அப்படி அழுதுச்சே, ஞாபகம் இருக்கா?

— இல்லாமலா! நான் கறுப்பா இருக்கேன்னு அழறாங்கன்னு நெனச்சேங்க. அன்னிக்கு ராத்திரி பூரா நானும் அழுதேன்.

— அடப்பாவிங்களா, கட்டியே வெச்சுட்டாளா! நான் சொன்னதைக் கேட்டு விட்டுட்டாள்னுல்ல நெனச்சேன்!

— நீங்க என்ன சொன்னீங்கக்கா? அம்மா உங்களை வந்து பார்த்துச்சா?

— வந்தாளே! அந்தா, அந்த வாசப்படியிலதான் உக்காந்தா. ‘கோயில்ல அப்பாவு மவளைப் பார்த்துட்டேன் மங்களம். அப்பனும் செத்து, கான்வென்ட்டுல வளருதாம். வயசு வந்த பொண்ணை இனிமே எப்படிப் புள்ளையா கேக்குறது? சூசைக்குக் கட்டி வெச்சாத்தான் வீட்டுக்கு வரும்’னா.

— பார்றா! எனக்குப் பொண்டாட்டி தேடல, தனக்குப் புள்ளையத் தேடியிருக்கு! நான் வெறும் சாக்கு!

— ஏங்க, அத்தை என்னைத் தேடியிருக்காங்க. என்னைத் தேடியிருக்காங்கங்க! அப்புறம் ஏங்கக்கா ஒரு வார்த்தை சொல்லல?

— நான்தான் பயமுறுத்துனேன் தாயி. ‘ரெண்டும் ஒரே மடியில பால் குடிச்சது. வெளிய தெரிஞ்சா அண்ணன் தங்கச்சிம்பாங்க, கல்யாணத்தையே கலைச்சுருவாங்க. சொல்லாம மறைச்சா, அது உன்னை வெறும் மாமியாராத்தான் பார்க்கும். உனக்குத் தாங்குமாடி’ன்னு கேட்டேன்.

— அதுக்கு என்ன சொன்னாங்க?

— ‘மாமியாருன்னே ஏசட்டும் மங்களம், எங்கிட்ட இருந்தாப் போதும்’னா.